நண்பர் விட்டுச்சென்ற நாய்க்கு உரிமம் மாற்றுவது பற்றி

வணக்கம் சகோ. நண்பர் அடுத்த மாதம் ஊருக்கே திரும்புகிறார், அவருடைய ஷி சூ நாய் இனி சிங்கப்பூரில் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், நாய் உரிமம் மட்டும் இன்னும் அவர் பெயரில் என்றீர்கள். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்குநல மருத்துவச் சேவையின் இணையத்தளத்தில், அவர்தான் தன் சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) நுழைந்து உரிமையாளர் மாற்றத்தைத் தொடங்க வேண்டும், அப்புறம் நீங்கள் உங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் போன பிறகு இதற்காகத் தொலைபேசியில் துரத்துவது பெரிய தலைவலி.

உங்களுக்கு இதுதான் முதல் நாய் என்றால், செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய இணையப் பாடத்தையும் முடிக்கச் சொல்வார்கள். இலவசம்தான்.

ஷி சூ வீவக அனுமதித்த இனம், அதனால் கவலையில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். ஏற்கெனவே ஒன்று இருந்தால் சிக்கல். கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் நன்றாகவே குறையும், சான்றிதழைக் கையோடு வாங்கி வையுங்கள். பழைய தடுப்பூசி அட்டையையும் கேளுங்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப்போய் நாயின் தோலுக்கடியில் உள்ள மைக்ரோசிப்பை ஸ்கேன் செய்து, அந்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். நாய் தொலைந்தால் உங்களைத் தேடி வருவதற்கு அந்த எண்தான் வழி.