கோடை முகாமும் குடிக்காத தண்ணீரும்

அன்புள்ள அக்கா,

எங்கள் மகளுக்கு எட்டு வயது. மே இரண்டாம் வாரம் வண்டலூர்ப் பக்கம் ஐந்து நாள் இயற்கை முகாமில் சேர்த்திருக்கிறோம். காலை ஆறரைக்கு வேன் வரும், பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இதற்கு முன் அவள் இப்படிப் போனதில்லை. பைனாகுலர் வாங்க வேண்டுமா? பையில் என்னென்ன வைக்க வேண்டும்? அவள் அப்பாவுக்குப் பாம்பு பயம். அவளுக்கு மண் ஒத்துக்கொள்ளாது, கையுறை கொடுத்து அனுப்பலாமா? ஒரு போன் கொடுத்து மணிக்கொரு தடவை பேசச் சொல்லலாமா? போன வருடம் பள்ளிச் சுற்றுலா போய்விட்டுத் தலைவலியும் வாந்தியுமாக வந்தாள். தண்ணீர் பாட்டில் அப்படியே நிரம்பி இருந்தது. எவ்வளவு சொன்னாலும் குடிக்க மறந்துவிடுகிறாள். ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

ஆர்., மேடவாக்கம்

அன்புள்ள ஆர்.,

பாட்டில் அப்படியே நிரம்பி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது. மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பைனாகுலர் வேண்டாம். பெரியவர்களுக்கான பைனாகுலரை எவ்வளவு மடக்கினாலும் பெரும்பாலும் எட்டு வயதுக் குழந்தையின் இரு கண்களுக்கும் பொருந்தும் அளவுக்கு நெருங்காது. அவளுக்கு இரண்டு வட்டமும் நடுவில் கறுப்பு நிழலும்தான் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்குவதை வாங்கினால் கை நடுங்கி ஒன்றுமே நிற்காது. பத்து வயதுக்கு மேல் ஆர்வம் இருந்தால் ஆறு அல்லது எட்டு மடங்கில், எடை குறைந்ததாகப் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். மே மாதப் புதர்க்காட்டில் பார்க்கக் கிடைப்பதில் பாதி முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது.

பாம்பு. மூடிய ஷூ, கணுக்காலை மூடும் சாக்ஸ், கண் பார்க்காத இடத்தில் கை வைக்காத பழக்கம், கல்லையும் கட்டையையும் புரட்டாமல் இருப்பது. குழந்தைக்கு இவ்வளவும் போதும். கடித்துவிட்டால் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அது எந்த மருத்துவமனை, போக எத்தனை நிமிடம் ஆகும் என்று முகாம் நடத்துபவர்களிடம் அவள் அப்பா கேட்கட்டும். பதில் தெளிவாக வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

கையுறை கூடவே கூடாது. மண் ஒத்துக்கொள்ளாது என்று எந்த மருத்துவர் சொன்னார்? ஒருவரும் சொல்லவில்லை என்றால் அதைக் குழந்தையின் காதில் விழும்படி இனிமேல் சொல்லாதீர்கள். மரத்தடியில் காய்ந்த பொடிமண்ணில் குழியானை தோண்டி வைத்திருக்கும் குழியைப் பாருங்கள். விரல் நுழையும் அகலத்தில் சரிவான கிண்ணமாக இருக்கும். விளிம்பில் ஒரு எறும்பு கால் வைத்தால் மண் சரியும், அடியிலிருந்து அந்தப் பூச்சி தலையால் மண்ணை வாரி மேலே எறியும், எறும்பு இன்னும் கீழே சறுக்கும். அந்த மண் எவ்வளவு மென்மை, எவ்வளவு சூடு என்பதை விரலால் தொட்டால்தான் தெரியும். நகத்தை வெட்டி அனுப்புங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். உண்மையிலேயே வீசிங் இருந்தால் அது வேறு விஷயம். அதைப் படிவத்தில் எழுதி, இன்ஹேலரை அவள் பையிலேயே வைத்து, அதை அழுத்தத் தெரிந்தவர் யார் என்று பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போனும் வேண்டாம். மணிக்கொரு தடவை அம்மா குரல் கேட்கும் குழந்தை அங்கே இருந்தும் இல்லாமலேதான் இருப்பாள்.

இனி பாட்டிலுக்கு வருகிறேன்.

உங்கள் மகள் மறக்கவில்லை.  குடித்தால் வரும், வந்தால் எங்கே போவது என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். பள்ளியில் பெண் பிள்ளைகள் பலரும் இதே கணக்கில்தான் நாளை ஓட்டுகிறார்கள். நாற்றமடிக்கும் கழிப்பறை, தாழ்ப்பாள் இல்லாத கதவு, இடைவேளையில் வரிசை, இப்போதுதானே போனாய் என்று கேட்கும் டீச்சர். இதற்கெல்லாம் அவர்களே கண்டுபிடித்த தீர்வு குடிக்காமல் இருப்பது. வெட்டவெளியில் நடக்கும் முகாமில் அது இன்னும் இறுகிவிடும். நீங்கள் “குடி, குடி” என்று நூறு முறை சொல்லி அனுப்பினாலும், போவதற்கு வழி சொல்லித் தராதவரை பாட்டில் நிரம்பித்தான் திரும்பி வரும்.

இது ஏன் விளையாட்டில்லை என்றால், காலம் கத்திரி. நம் ஊர் வெயிலில் காற்றும் ஈரம். வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உடம்பு குளிர்வதோ வியர்வை உலரும்போதுதான். கடற்காற்று உள்ளே வரும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது பிற்பகல் வரை வராது. வண்டலூர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் இன்னும் தாமதம். ஆக, முகாம் முடிகிற பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரைதான் மோசமான நேரம். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம். வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது அந்தத் தோல் வழியாகச் சூடு வேகமாக உள்ளே போகும். போன வருடத் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இன்றைக்கே தொடங்குங்கள். முதலில் குந்தி உட்காருவது. வீட்டில் மேற்கத்திய டாய்லெட் மட்டும் இருந்தால் அவளால் குதிகாலைத் தரையில் ஊன்றி உட்கார முடியாமல் போகலாம், பின்னால் சாய்ந்துவிடலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காருவாள். அடுத்து, மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ உடுப்போடு ஒத்திகை. கால்களை நன்றாக அகட்டி, முகம் பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். மேட்டைப் பார்த்து உட்கார்ந்தால் ஓடி வந்து ஷூவை நனைக்கும். பாறையிலும் கெட்டித் தரையிலும் தெறிக்கும். மணலோ சருகோ இருக்கும் இடம் நல்லது. உட்காருமுன் குச்சியால் தட்டிப் பார்த்து, எறும்புச் சாரியும் வளையும் இல்லாத இடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். உள்ளாடையை முழங்கால்வரை இறக்கி, ஒரு கையால் முன்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கை விஷயத்தைச் சொல்லித் தராததால்தான் நனைந்துபோய், வெட்கப்பட்டு, மறுநாள் வரமாட்டேன் என்று அழுகிறார்கள்.

இதற்கு ஏற்ற உடுப்பு, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த தொளதொள பருத்தி பேன்ட். ஜீன்ஸ் வேண்டாம், அதன் பொத்தானைச் சின்ன விரலால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது. ஜம்ப்சூட் வாங்கி வைத்திருந்தால் அதைக் கல்யாணத்துக்குப் போடுங்கள். காட்டில் அதைக் கழற்ற மேலிருந்து முழுதாக அவிழ்க்க வேண்டும், அதற்குப் பயந்தே ஒரு சொட்டும் குடிக்க மாட்டாள்.

கழுவுவதற்குத் தனியாக 200 மில்லி சின்ன பாட்டில், வேறு நிறத்தில். இதைப் பலர் யோசிப்பதில்லை. குடிக்கிற தண்ணீரில் கழுவக் குழந்தைக்குக் கூச்சம், தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்ற கவலையும் உண்டு. கூடவே ஒரு ஈரிழைத் துண்டு. தோழி முதுகைக் காட்டிக்கொண்டு அதை விரித்துப் பிடித்தால் மறைப்பு. நனைத்துக் கழுத்தில் போட்டால் குளிர்ச்சி. தொப்பி மறைக்காத காதையும் பிடரியையும் மூடும். பையில் வைக்கும் பொருள்களில் இதைவிட உபயோகமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

சொல்லிக் கேட்கவும் பழக்க வேண்டும். “அக்கா, நான் போகணும்” என்று எல்லார் முன்னாலும் கூச்சமில்லாமல் சொல்ல வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். கூப்பிடும் தூரத்தில் பெண் பயிற்சியாளர் ஒருவர் நிற்பார், பக்கத்தில் வேறு பெரியவர் யாரும் வரக் கூடாது, வந்தால் கத்த வேண்டும். இதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்பது பத்து வயதில் பூப்பெய்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வயது நெருங்கினால் ஒரு நாப்கினும் ஒரு காகித உறையும் பையில் இருக்கட்டும்.

இரண்டுக்குப் போவது வீட்டிலேயே முடிய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். லீவில் ஒன்பது மணிக்கு எழுகிற குழந்தையை முதல் நாள் மட்டும் ஐந்துக்கு எழுப்பினால் வயிறு ஒத்துழைக்காது. பத்துப் பன்னிரண்டு நாள் முன்பிருந்தே எழும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள், தூங்கும் நேரத்தையும்தான். ஐந்தே முக்காலுக்கு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். பூரி வேண்டாம், வேனில் வாந்தி வரும்.

அதே நாள்களில் வெயிலையும் பழக்குங்கள். உடம்பு சூட்டுக்குப் பழக, குழந்தைகளுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பழகிய உடம்பில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாக வரும், அதில் வெளியேறும் உப்பு குறையும். நாள் முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு நேராகக் காட்டில் இறங்கினால் இதில் எதுவும் நடந்திருக்காது. முதல் மூன்று நாள் காலை ஏழரைக்கு இருபது நிமிடம் நடை. பிறகு அரை மணி, அதன் பின் எட்டரைவாக்கில் முக்கால் மணி விளையாட்டு. பகலில் ஏசியை அணைத்துவிட்டு விசிறியோடு இருக்கட்டும். இரவில் ஏசி போட்டுக்கொள்ளுங்கள், தூக்கம் கெடக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு இது. கிளம்புமுன் ஒரு டம்ளர். நடக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை 100 முதல் 150 மில்லி, அதாவது ஏழு முதல் பத்து மடக்கு. மொத்தம் ஒன்றரை லிட்டர் கையில் இருக்க வேண்டும். 750 மில்லி பாட்டில் இரண்டு. உங்கள் மகள் 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் முதுகுப்பை இரண்டரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. தண்ணீரே ஒன்றரைக் கிலோ போய்விடுகிறது. மிச்சமுள்ள ஒரு கிலோவில்தான் பாட்டிலின் எடை, டப்பா, துண்டு, நோட்டு எல்லாம். கனமான ஸ்டீல் ஃபிளாஸ்க் வேண்டாம். செம்பு பாட்டில் என்றால் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றாதீர்கள். ஸ்ட்ரா வைத்த பாட்டிலின் வாயில் மண் அடையும். அகல வாய் பாட்டில்தான் சரி.

ஓஆர்எஸ் கொடுத்தால் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். அரை பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டுகிறவர்கள் நிறைய. உப்புக் கூடினால் உதவிக்குப் பதில் கெடுதல். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லதே. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். தாகத்தைக் கூட்டும், குரங்கையும் கூப்பிடும்.

முகாமில் யாராவது கவனிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, சூடு ஏறும் அறிகுறிகளை அவர்களிடமே கேளுங்கள். முதலில் காரணமில்லாத சிணுங்கல், பேச்சுக் குறைவு. பிறகு தலைவலி, குமட்டல், கால் தடுமாற்றம். இந்தக் கட்டத்திலேயே நிழலில் உட்காரவைத்து, உடம்பை நனைத்து, விசிற வேண்டும். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வாயில் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது, இது காய்ச்சல் இல்லை.

வீடு திரும்பியதும் “என்ன கத்துக்கிட்டே?” என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர் என்ன நிறத்தில் போனது என்று கேளுங்கள். வெளிர்மஞ்சள் என்றால் நன்றாகக் குடித்திருக்கிறாள். அடர்மஞ்சள் என்றால் திட்டாமல், அன்றைக்கு எங்கே போக முடியவில்லை என்று கேளுங்கள். குளிக்கும்போது அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, காதின் பின்புறம் பார்க்க வேண்டும். புதர்களில் இருக்கும், கண்ணுக்கு அகப்படாத சிற்றுண்ணிகளால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் நம் மாநிலத்தில் வருகிறது. மழையும் குளிருமான மாதங்களில்தான் அதிகம், ஆனாலும் பார்ப்பது நல்லது. கடித்த இடத்தில் வலிக்காத, சிகரெட்டால் சுட்டதுபோல் கருகிய பொருக்கு பலருக்கு இருக்கும். முகாம் முடிந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புதர்க்காட்டுக்குப் போய் வந்தாள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சரியான மருந்து கொடுத்தால் விரைவில் குணமாகும்.

நீங்கள் கேட்ட பட்டியல் இதற்குள்ளேயே இருக்கிறது, எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், நாளைக்கே முகாமுக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கழிப்பறை எங்கே, நடக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம்? பெண் பிள்ளைகளோடு போகும் பெண் பயிற்சியாளர் யார்? இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாரையும் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைக்கிறீர்களா, இல்லை தாகம் எடுத்தவர்கள் மட்டும் குடிப்பதா? “அதெல்லாம் பசங்க சமாளிச்சுக்குவாங்க மேடம்” என்று பதில் வந்தால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா