கூடைப்பந்தில் ஃபவுல் ஷாட்டின்போது நடந்ததா, அதற்கு முன்பா என்று நடுவர் எப்படி முடிவு செய்கிறார்?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், நீங்கள் போட்ட கூடையை யாரோ ஒரு நடுவர் செல்லாது என்று சொல்லியிருக்கிறார். அந்த நடுவரின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

நான் விசில் பிடித்த இரண்டாம் ஆண்டு. ஏழு விநாடி மீதி, ஒரு புள்ளி பின்னடைவு. டிரிப்ளிங்கை, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவதை, முடித்த பெண் பந்தை இரு கையாலும் அள்ளிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்ந்தாள். பந்து இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறும்போது முன்கையில் ஓர் அடி; சத்தம் எனக்கே கேட்டது. பந்து கையில் ஆடியது, நழுவவில்லை. இன்னோர் அடி எடுத்து வைத்து எழும்பிப் போட்டாள். உள்ளே விழுந்தது. நான் கையை வீசிக் கூடை செல்லாது என்றேன். "அடி விழுந்தபோது கால் தரையில் இருந்தது" என்று பயிற்சியாளருக்கு விளக்கம் வேறு. எதிரணிக்கு அந்தக் கால்பகுதியில் அது மூன்றாவது ஃபவுல்தான்; ஷாட்டின்போது நடக்காத ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிக் கூடைக்கு எறியும் வாய்ப்பு) கிடைக்க அந்த எண்ணிக்கை போதாது. ஆகவே அதுவும் கிடையாது. தோற்றார்கள்.

கால் எங்கே இருந்தது என்பதே கேள்வி இல்லை. பாய்ந்து வரும்போது, டிரிப்ளிங் முடிந்து பந்து கையில் நிலைத்து, ஷாட்டுக்கான அசைவு தொடங்கிவிட்டதா? அதைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை அடி வைத்தாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்று நான் சொன்னது தவறு: கூடையும் செல்லும், கூடவே ஒரு ஃப்ரீ த்ரோவும் உண்டு. விழாமல் போயிருந்தால் இரண்டு.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் விதி வேறு என்று வரிந்துகட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு: நான் சொல்வது ஃபிபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி. அதற்காக, விசில் கேட்டதும் பந்தை மேலே எறிந்துவிட்டு ஃப்ரீ த்ரோ கேட்பவர்களுக்கும் நான் வக்கீல் இல்லை. விசிலுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் ஷாட் கணக்கில் வராது. அடிபட்ட பின் பாஸ் கொடுத்தாலும் அது ஷாட் இல்லை. இதைச் சொன்னதற்கு ஒரு பயிற்சியாளர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்தத் தீர்ப்பை மட்டும் இன்றும் மாற்ற மாட்டேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் மேசையில் இருப்பவர்கள் தயவுசெய்து தலை நிமிர்ந்து பாருங்கள். ஃபவுல் செய்தவரின் சட்டை எண் பதினான்கு என்று விரலால் இரண்டு முறை காட்டிவிட்டுத் திரும்பினால், நான்காம் எண் ஆட்டக்காரரின் கணக்கில் ஃபவுல் ஏறியிருக்கிறது. வசவு மட்டும் எனக்கு.