செல்லுக்குள் சாப்பாடு நிஜமாகவே எரிகிறதா?

‘உணவை ஆக்சிஜன் எரிப்பதால்தான் ஆற்றல் வருகிறது என்கிறார்களே, செல்லுக்குள் அப்படி ஏதாவது எரிகிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரவு செலவு மட்டும் பார்த்தால், ஆமாம். ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜனும் உள்ளே போகின்றன, ஆறு கார்பன் டை ஆக்சைடும் ஆறு தண்ணீரும் வெளியே வருகின்றன. சர்க்கரையை நெருப்பில் முழுக்க எரித்தாலும் இதே கணக்குதான். ஆனால் செல்லில் ஆக்சிஜன் சர்க்கரையைத் தொடுவதே இல்லை. பள்ளியில் உயிரியல் எடுக்கும்போது நான் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான்.

குளுக்கோஸ் முதலில் செல்லை நிறைத்திருக்கும் சைட்டோபிளாசத்தில் இரண்டு பைருவிக் அமிலமாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டாம், மிஞ்சுவது 2 ஏடிபி, அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு இரண்டு. (ரத்தச் சிவப்பணுவுக்கு, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா கிடையாது. உடம்புக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கும் அது, இந்த 2 ஏடிபியை வைத்தே காலம் தள்ளுகிறது!) மற்ற செல்களில் பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், கிரெப்ஸ் சுழற்சி என்ற தொடர் வேதிவினை முடிவதற்குள் அதன் கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகக் கழிந்துவிடுகிறது. இதுவரையும் ஆக்சிஜன் வரவில்லை. படிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே பாடம் முடிந்துவிடுகிறது. இவ்வளவு நேரம் நடந்தது என்னவென்றால், சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான்களைக் கழற்றி எடுத்ததுதான்.

அந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்விலுள்ள புரதங்கள் வழியே கைமாறிக்கொண்டே போகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன. வரிசையின் கடைசியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளத்தான் ஆக்சிஜன் நிற்கிறது. வாங்கியதும் புரோட்டான்களோடு சேர்ந்து தண்ணீராகிறது. சயனைடு அடைப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

சரி, ஏடிபி எங்கே உருவாகிறது? அணையில் தேங்கிய நீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல, அந்தப் பக்கம் குவிந்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியாகத் திரும்பி வரும்போது அதைச் சுழற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. சவ்வின் இரு பக்கத்துக்கும் மின்னழுத்த வித்தியாசம் சுமார் 150 மில்லிவோல்ட்தான். ஆனால் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் செல்களுக்குள் அந்த அழுத்தம் நின்றுகொண்டிருக்கிறது. எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு இதில் வியப்பு குறையவில்லை.

புரோட்டான் தேக்கத்தால்தான் ஏடிபி உருவாகிறது என்று பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது துறையில் பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நொதியின் ஒரு பகுதியில் ஆக்டின் என்ற புரதத்தாலான ஒளிரும் இழையை ஒட்டி, ஏடிபி கொடுத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியிலேயே பார்த்துவிட்டார்கள்.

புரோட்டான் தேக்கம்தான் எல்லாம் என்பதற்குக் கசப்பான சாட்சி ஒன்று உண்டு. 2,4-டைநைட்ரோஃபீனால் என்ற பொருள் புரோட்டான்களை நொதி வழியாக விடாமல் சவ்விலேயே கசியவிடும். உணவு கரையும், ஆக்சிஜனும் செலவாகும், ஏடிபி மட்டும் போதுமான அளவு வராது. ஆற்றல் வெப்பமாகவே போய்விடும். முதல் உலகப்போர் காலத்தில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்டவர்கள் வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் ஏறி இறந்திருக்கிறார்கள். அப்புறம் 1930களில் அமெரிக்காவில் இதையே உடல் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். கண்புரை, மரணம் என்று வந்தபிறகு 1938இல் நிறுத்தப்பட்டது. கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி இணையத்தில் இன்றும் விற்கிறார்கள், இதற்கு முறிமருந்து கிடையாது. யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள்.