1940 தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்று அமெரிக்காவில் சர்வாதிகாரம் வந்திருந்தால், அமெரிக்கர்கள் எந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருப்பார்கள்?

கேட்டவர் அமெரிக்க விசாவுக்குக் காத்திருப்பவர் என்று நினைக்கிறேன். அந்த நாட்டு பாஸ்போர்ட்டை நீட்டினால் எந்தக் கதவும் திறக்கும் என்ற நினைப்பு கேள்வியிலேயே தெரிகிறது.

முதலில் பாஸ்போர்ட்டை விட்டுவைக்க வேண்டுமே. சர்வாதிகாரம் எதுவும் வராமலே, 1950இல் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். திரும்பக் கிடைக்க 1958 ஆனது. சரி, கனடா? 1939இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் வந்த 900க்கும் மேற்பட்ட யூத அகதிகளுக்குக் கியூபா, அமெரிக்கா, கனடா மூன்றுமே இடம் தரவில்லை. என் கணக்கில் மெக்சிகோதான். ஸ்டாலின் நாடு கடத்திய ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியையும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்றவர்களையும் சேர்த்துக்கொண்ட நாடு அது. நடக்காத கதைக்கு ஆதாரம் கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் சுருக்கென்றது என்றால், டொராண்டோவில் படித்தபோது நான் பேஸ்மென்டில் குடியிருந்த வீட்டுக்காரர் அப்படி அமெரிக்காவை விட்டு வந்தவர்தான். வியட்நாம் போருக்கு ஆளெடுப்புக் கடிதம் வந்ததும், 1969இல் பஃபலோ பக்கமாக எல்லை தாண்டியிருக்கிறார். அப்போதெல்லாம் எல்லைச் சாவடியிலேயே குடியேற விண்ணப்பிக்கலாம். படிப்புக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு என்று புள்ளி போடுவார்கள். ஒரே மதியத்தில் வேலை முடிந்ததாம். மாணவர் விசாவுக்கு நான் கட்டிக்கொண்டு அலைந்த காகிதங்களை நினைத்து வயிறு எரிந்தது.

ஆனால் 1974இல் அவர் அம்மா இறந்தபோது போக முடியவில்லை. காரில் மூன்று மணி நேரம்தான், போனால் கைது. அடக்கம் முடிந்த அன்று அக்கா போனில் யார் யார் வந்தார்கள், யார் அழுதார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அப்பா போனுக்கே வரவில்லை. அந்த மாத டெலிபோன் பில்லை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார், எனக்குக் காட்டினார்.

1977 ஜனவரி 21 அன்று அமெரிக்க அதிபர் கார்ட்டர், ஆளெடுப்புக்குத் தப்பிப் போனவர்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கினார். (படையில் சேர்ந்தபின் ஓடியவர்களுக்கு அது கிடையாது. திருத்த வருபவர்கள் கவனிக்க.) இவர் ஊருக்குப் போய் நான்கே நாளில் டொராண்டோவுக்குத் திரும்பிவிட்டார்.

நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் நான் காலி செய்தபோது, முருகன் காலண்டர் மாட்ட அடித்த இரண்டு ஆணிக்காக 150 டாலர் பிடித்துக்கொண்டார். சேதத்துக்கென்று முன்பணம் வாங்கவே ஒண்டாரியோ சட்டத்தில் இடமில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.