சீன மூலிகைக் கஷாயம்: காய்ச்சும் முறை பற்றிய கேள்வி பதில்

எந்தப் பாத்திரம், எவ்வளவு தண்ணீர்?

மண்சட்டி அல்லது பீங்கான் சட்டி. எவர்சில்வரும் பரவாயில்லை. இரும்பு, செம்பு, அலுமினியம் வேண்டாம். மூலிகையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கஷாயம் கறுத்துவிடும். பச்சைத்தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் மருந்துக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கட்டும். வெந்நீர் ஊற்றினால் மேற்புறம் இறுகி உள்ளே நீர் இறங்காது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 30 நிமிடம். வடித்துவிட்டு, மீண்டும் தண்ணீர் விட்டு 20 நிமிடம். இரண்டு வடிப்பையும் கலந்து, வேளைக்கு 150 முதல் 200 மி.லி. என இரண்டு வேளை. கலக்காமல் குடித்தால் ஒரு வேளை காட்டமாகவும் மறுவேளை நீர்த்தும் இருக்கும். அடிபிடித்துவிட்டால் தண்ணீர் விட்டுச் சரிக்கட்டாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

சளிக் காய்ச்சலுக்குத் தந்ததை ஒரு மணி நேரம் காய்ச்சினேன். வாசனையே இல்லையே?

வேலை செய்வது அந்த வாசனை எண்ணெய்தான், அது ஆவியாகிவிட்டது. இந்த வகைக்கு மொத்தமே 10 முதல் 15 நிமிடம் போதும், மூடி போட்டு. ஜின்செங் போன்ற சத்து மருந்துகளுக்குத்தான் ஒரு மணி நேரம்.

பொட்டலத்துக்குள் சின்னச் சின்னப் பைகள் தனியாக இருக்கின்றனவே?

அவற்றைச் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். சீட்டில் 'ஷியென் ஜியென்' என்றிருந்தால் முதலில் போட வேண்டியது: சிப்பி ஓடு, ஜிப்சம் போன்ற கெட்டிப் பொருள்கள், 20 முதல் 30 நிமிடம் முன்னதாக. 'ஹோ ஷியா' என்றால் கடைசி 5 நிமிடத்தில்: புதினா, வாசனை விதைகள். ரேவல்சின்னி எதற்காகக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பேதியாவதற்கு என்றால் கடைசியில்தான் போட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் பேதியாக்கும் குணம் குறைந்துவிடும். சிறிய, கொழகொழப்பான விதைகளைத் துணியில் முடிந்து போடுங்கள், இல்லாவிட்டால் அடிபிடிக்கும். கழுதைத்தோல் பசையான அ ஜியாவோவைக் காய்ச்சவே வேண்டாம்; வடித்த சூடான கஷாயத்தில் கரைத்தால் போதும்.

ஃபூஸி சேர்ந்த கஷாயம் குடித்ததும் நாக்கு மரத்துப்போனது. இது இயல்பா?

இல்லை. உடனே நிறுத்துங்கள். ஃபூஸி நம்மூர் வத்சநாபி என்ற நச்சுக் கிழங்கின் இனம். அதிலுள்ள அகோனிட்டின் இதயத் துடிப்பையே குலைக்கும். கடையில் விற்பது பதப்படுத்திய கிழங்கு, 3 முதல் 15 கிராம்வரைதான் அளவு. பதப்படுத்தியதையும் தனியாக முதலில் போட்டு, நாக்கில் மரப்பு தெரியாத அளவுக்கு, குறைந்தது ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கொதியில் அகோனிட்டின் சிதைந்து விஷம் பெருமளவு தணியும். நேரத்தைக் குறைத்தாலோ சாராயத்தில் ஊறவைத்தாலோ அது நடக்காது. உதடு ஊறல், வாந்தி, படபடப்பு இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள், மீதிப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

உடல் மெலிய ஃபாங் ஜி வாங்கலாமா?

பெயரை நம்பி வாங்கக் கூடாத மருந்து இது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவு சிகிச்சைக்குச் சென்ற பெண்களுக்கு, ஃபாங் ஜிக்குப் பதிலாக குவாங் ஃபாங் ஜி என்ற வேறு செடி போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. எவ்வளவு காய்ச்சினாலும் இந்த நஞ்சைப் போக்கிவிடலாம் என்று நம்பாதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன், டான் ஷென், டாங் குய் மூலிகைகளைச் சேர்க்கலாமா?

வேண்டாம். ரத்தம் உறையாமல் கசியும் அபாயம் கூடும். ஏற்கெனவே குடித்திருந்தால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.