ஒரே கயிறு, இரண்டு இழுவிசைகள்: கப்பிக் கணக்கில் விடை எங்கே தவறுகிறது?

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு மாணவி. ஒரு கப்பியின் மேல் செல்லும் கயிற்றின் முனைகளில் 5 கிலோகிராம், 3 கிலோகிராம் நிறைகள் தொங்குகின்றன. கப்பி 4 கிலோகிராம் நிறையும் 0.1 மீட்டர் ஆரமும் கொண்ட சீரான வட்டத்தட்டு. முடுக்கம் எனக்கு 2.5 மீ/வி² என வருகிறது. விடைப்பகுதியில் 2 என்றிருக்கிறது. ஒரே கயிற்றில் இழுவிசை எப்படி வேறுபடும்? ஒற்றை நிறை தொங்கும் கணக்குகளில் எடையை ஆரத்தால் பெருக்கித் திருப்பு விசை கண்டாலும் விடை தவறாகிறது. ஏன்?

பதில்: உங்களுக்கு வந்த 2.5 என்பது கூட்டல் கழித்தல் பிழையால் வந்ததன்று. கப்பிக்கு நிறையே இல்லையென்றால் அதுதான் சரியான விடை. இயக்க விதிகள் பாடத்தில் 'நிறையற்ற கப்பி' என்று கொடுக்கப்படுவதால் கயிற்றின் இருபுறமும் ஒரே இழுவிசையை எழுதிப் பழகிவிடுகிறோம். திண்பொருள்களின் சுழற்சிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போவதில்லை. நிறையுள்ள கப்பி ஓய்விலிருந்து சுழலத் தொடங்கி மேலும் மேலும் வேகம் பெற வேண்டுமானால் அதன் மீது நிகர திருப்பு விசை செயல்பட்டாக வேண்டும். கப்பியின் எடையும் அச்சு தரும் எதிர்விசையும் மையத்தின் வழியே செல்வதால் அவை திருப்பு விசை எதையும் தருவதில்லை. எனவே கப்பியைச் சுழற்றக்கூடியது இருபுறக் கயிறுகளின் இழுவிசை வேறுபாடு ஒன்றே.

அந்த வேறுபாட்டை உண்டாக்குவது கயிற்றுக்கும் கப்பியின் பள்ளத்துக்கும் இடையிலுள்ள நிலை உராய்வு. வினாவில் 'உராய்வற்ற கப்பி' என்று வரும்போது அது பெரும்பாலும் அச்சிலுள்ள உராய்வைத்தான் குறிக்கிறது, பள்ளத்தை அல்ல. பள்ளமே வழுவழுப்பாக இருந்துவிட்டால் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடும், 4 கிலோகிராம் கப்பி அசையாமல் நிற்கும், முடுக்கமும் நீங்கள் கண்ட 2.5 ஆகவே இருக்கும்! 'கயிறு நழுவவில்லை' என்ற சொற்றொடரை வினாவில் தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். உங்கள் கணக்கில் கயிறு நழுவாமலிருக்க உராய்வுக் குணகம் சுமார் 0.034 இருந்தாலே போதும். சாதாரணக் கயிறு எதுவும் இதை எளிதாக எட்டிவிடும்.

இனி, நகரும் பொருள்கள் மூன்று என்பதால் சமன்பாடுகளும் மூன்று. ஒவ்வொரு பொருளுக்கும் தனியே விசைப்படம் வரைந்து, 5 கிலோகிராம் கீழே இறங்குவதும், கப்பி அந்தப் பக்கமாகச் சுழல்வதும், 3 கிலோகிராம் மேலே ஏறுவதும் நேர்க்குறி என்று கயிறு ஓடும் போக்கிலேயே திசையை வைத்துக்கொண்டால் குறிக்குழப்பம் பெருமளவு நீங்கிவிடும். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொள்வோம்.

50 − கனமான பக்க இழுவிசை = 5 × முடுக்கம்
இலேசான பக்க இழுவிசை − 30 = 3 × முடுக்கம்
(இழுவிசைகளின் வேறுபாடு) × 0.1 = நிலைமத் திருப்புத்திறன் × கோண முடுக்கம்

வட்டத்தட்டின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதற்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவு, ½ × நிறை × ஆரம்² = ½ × 4 × 0.01 = 0.02 கி.கி.மீ². கயிறு நழுவாததால் கோண முடுக்கம் என்பது முடுக்கத்தை 0.1ஆல் வகுத்தது. ஆகவே மூன்றாம் சமன்பாடு, இழுவிசை வேறுபாடு = 2 × முடுக்கம் என்று சுருங்குகிறது. மூன்றையும் கூட்டினால் இழுவிசைகள் அடிபட்டுப்போய் 20 = 10 × முடுக்கம் என்றாகும். முடுக்கம் 2 மீ/வி². இழுவிசைகள் 40 நியூட்டனும் 36 நியூட்டனும்.

ஆரம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். சீரான தட்டு, தன் நிறையில் பாதியைக் கயிற்றில் கூடுதலாகச் சேர்த்தது போலவே நடந்துகொள்கிறது. அதன் ஆரம் எவ்வளவானாலும் சரி. நிறை முழுவதும் விளிம்பில் இருக்கும் வளையமாக இருந்தால் 4 கிலோகிராமும் முழுதாகச் சேர்ந்து முடுக்கம் 20/12, அதாவது சுமார் 1.67 ஆகியிருக்கும். இந்த அமைப்பைப் பற்றி 1784இல் எழுதி வெளியிட்ட கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் அட்வுட், அச்சின் உராய்வைக் குறைப்பதற்காகவே முதன்மைச் சக்கரத்தின் அச்சை வேறு சிறு சக்கரங்களின் மேல் தாங்கவைத்தார்.

விடையைச் சரிபார்க்க ஆற்றல் கணக்கு நல்ல வழி. ஓய்விலிருந்து 1 மீட்டர் நகர்ந்ததும் வேகம் 2 மீ/வி; இழந்த நிலை ஆற்றல் 50 − 30 = 20 ஜூல். இரு நிறைகளின் இயக்க ஆற்றல் 16 ஜூல், கப்பியின் சுழற்சி ஆற்றல் ½ × 0.02 × 20² = 4 ஜூல். கூட்டினால் 20.

அடுத்து உங்கள் இரண்டாம் ஐயம். இதே கப்பியில் சுற்றிய கயிற்றில் 2 கிலோகிராம் மட்டும் தொங்குவதாகக் கொள்வோம். எடையான 20 நியூட்டனை அப்படியே ஆரத்தால் பெருக்கினால் கோண முடுக்கம் 100 ரேடியன்/வி², முடுக்கம் 10 மீ/வி² என வரும். முடுக்கம் 10 என்றால் அந்த நிறை தடையின்றி விழுகிறது. தடையின்றி விழும் பொருளைக் கட்டியுள்ள கயிற்றில் இழுவிசை சுழி. இழுவிசையே இல்லாத கயிறு கப்பியை எப்படிச் சுழற்றும்? எடை செயல்படுவது நிறையின் மீது. கப்பியைத் தொடுவது கயிறு மட்டுமே. சரியாகச் செய்தால் முடுக்கம் 20/4 = 5 மீ/வி², இழுவிசை 10 நியூட்டன். நிறையைக் கழற்றிவிட்டுக் கையால் 20 நியூட்டன் விசையுடன் இழுத்தால் மட்டுமே 20 × 0.1 என்று எழுதலாம். இவ்விரண்டையும் ஒரே வினாவில் அருகருகே கேட்பது தேர்வாளர்களுக்குப் பிடித்தமானது.

'பாதி நிறையைச் சேர்' என்ற குறுக்குவழியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம். ஒரே அச்சில் ஒன்றாகச் சுழலும் இரு வேறு ஆரங்கள் கொண்ட இரட்டை ஆரக் கப்பியில் அது உதவாது. 0.2 மீட்டர் வெளி ஆரத்தில் 3 கிலோகிராமும் 0.1 மீட்டர் உள் ஆரத்தில் எதிர்ப்பக்கமாக 5 கிலோகிராமும் தொங்க, நிலைமத் திருப்புத்திறன் 0.03 கி.கி.மீ² என்றால், இறங்குவது இலேசான 3 கிலோகிராம்தான்: 30 × 0.2 = 6, 50 × 0.1 = 5. இங்கே இரு நிறைகளுக்கும் முடுக்கம் ஒன்றல்ல, கோண முடுக்கமே பொது. அதை அறியாக் கணியமாக வைத்தால் (6 − 5) ÷ (0.03 + 3 × 0.2² + 5 × 0.1²) = 1 ÷ (0.03 + 0.12 + 0.05) = 5 ரேடியன்/வி²; முடுக்கங்கள் 1, 0.5 மீ/வி², இழுவிசைகள் 27, 52.5 நியூட்டன். திருப்பு விசைகளின் வேறுபாடு 5.4 − 5.25 = 0.15, அதுவே 0.03 × 5.