மூணாவது வார்த்தை பேசின மேனேஜர் – கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எங்க அப்பா போன மாசம் கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சுட்டாங்க. உங்க ஊர் பிராஞ்சுல மேனேஜரா இருந்தவங்க. ஒரு பேங்க் மேனேஜர்கிட்டதான் மேடையில நிக்கக் கத்துக்கிட்டேன்னு நீங்க முன்னாடி எழுதினது அப்பாவைப் பத்திதான்னு அம்மா சொன்னாங்க, அதான் உங்களுக்கு எழுதுறேன்.

அடக்க ஆராதனையிலயும் சரி, அப்புறம் வீட்டுக்கு வந்தவங்களும் சரி, எல்லாரும் என்னா பேச்சு என்னா பேச்சுன்னுதான் சொன்னாங்க. கேக்கக் கேக்க எனக்கு சந்தோஷத்தை விட வருத்தம்தான் வந்துச்சு. ஏன்னா வீட்ல அப்பா அதிகம் பேச மாட்டாங்க. சனிக்கிழமை பேங்க் முடிஞ்சு வந்தா நோட்டும் கையுமா மாடிக்குப் போயிருவாங்க, ஞாயித்துக்கிழமை ஏதாவது ஒரு சேகரத்துல (ஒரு குருவானவர் பொறுப்புல இருக்குற சபைகள்) பிரசங்கம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாள்னா கேக்கவே வேண்டாம். எங்களுக்குக் கேட்டதெல்லாம் மாடியில அவங்க குறுக்கும் நெடுக்கும் நடக்குற சத்தம்தான்.

இப்ப ரெண்டு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டு இருக்கு. ஆடியோ வீடியோ ஒண்ணும் கிடையாது. தாத்தா அப்படி என்னம்மா பேசுவாங்கன்னு என் மகன் கேட்டான், எனக்கு ரெண்டு வரி சொல்ல வரலை. தம்பி எல்லாத்தையும் டைப் பண்ணி புக்கா போட்டு வருஷ நினைவுக்கு எல்லாருக்கும் குடுக்கலாம்ங்கிறான். நோட்டுல ரெண்டு பக்கம் போட்டோ அனுப்பியிருக்கேன். அப்பா நெஜமாவே நல்லா பேசினாங்களா, இல்ல இறந்தவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லணும்னு சொல்றாங்களா? புக் போடலாமா? பேர் மட்டும் போட வேண்டாம்.

– ஒரு மகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நெஜமாவே நல்லா பேசினாங்க. இதை மரியாதைக்குச் சொல்லலை, சின்ன வயசுல இருந்து பட்டிமன்றம், இலக்கியக் கூட்டம், கட்சிக் கூட்டம்னு தேடித்தேடிப் போய்க் கேட்டவன்ங்கிற முறையில சொல்றேன். அவங்களுக்குக் குரல்வளம் கிடையாது, கொஞ்சம் கீச்சுக்குரல்தான், மைக் செட் அண்ணாச்சி சவுண்டை ஏத்தி வைக்கணும். கையை ஆட்ட மாட்டாங்க, அடுக்குமொழி கிடையாது, ஆன்றோர்களே சான்றோர்களேன்னு ரெண்டு நிமிஷத்தை ஓட்டுறதும் கிடையாது. ஆனா அவங்க பேசி முடிச்சா கூட்டத்துல யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போய் ஏதோ ஒண்ணை மாத்திச் செய்வாங்க. நான் கேட்ட பெரிய பேச்சாளர்கள்ல இதைச் சொல்ல முடியுற ஆட்கள் ரொம்பக் கம்மி.

உங்க மகன் கேட்ட கேள்விக்கு அவங்களோட ஒரு பெரிய வெள்ளிக்கிழமை பேச்சைத்தான் பதிலா சொல்லுவேன். வாசிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்கிறதால கொஞ்சம் விளக்கிடுறேன். சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்கள்ல பெரிய வெள்ளி அன்னைக்கு மத்தியானம் 12 மணியில இருந்து 3 மணி வரைக்கும் மும்மணி ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில தொங்கினப்ப சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொண்ணா எடுத்துப் பேசுவாங்க, நடுவுல ஜெபமும் பாட்டும். ஒருத்தருக்கு இருபது நிமிஷம் கிடைச்சா பெருசு. குருவானவர் மட்டும்தான் பேசணும்னு இல்ல, சபையில இருக்குற வாத்தியார், டாக்டர், பேங்க்காரங்களையும் பேச விடுவாங்க. முதல் வார்த்தையும் ஏழாவது வார்த்தையும் பெரிய ஆட்களுக்குப் போயிரும். உங்க அப்பாவுக்கு அந்த வருஷம் மூணாவது வார்த்தை. யோவான் 19-ம் அதிகாரத்துல வர்றது, தாயைப் பார்த்து "ஸ்திரீயே, அதோ, உன் மகன்", சீஷனான யோவானைப் பார்த்து "அதோ, உன் தாய்".

80கள் கடைசி அது. எங்க வீடு சர்ச்சுக்குப் போற வீடு இல்ல, கூடப் படிச்சவன் கூப்பிட்டான்னு போய் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். ஏப்ரல் வெயிலு, ஃபேன் சுத்துறது பேருக்குத்தான், பட்டினியா இருக்குற சனம் பாதி கண்ணை மூடிட்டு இருக்கு. உங்க அப்பா எந்திரிச்சு, வசனத்தை வாசிச்சு, நோட்டை மூடி வச்சுட்டு நேரா ஆரம்பிச்சாங்க, "போன வாரம் என் கவுன்டருக்கு ஒரு அம்மா வந்தாங்க"ன்னு. அந்த அம்மா புருஷன் டெபாசிட் போட்டுட்டு திடீர்னு செத்துப்போயிட்டாரு. ரசீதை முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்திருக்காங்க. நாமினி யாருமில்ல. தாலுகா ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட் வாங்கணும், பிள்ளைங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும், மூத்தவன் பம்பாயில, அவனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்ல. பணம் பெட்டியில இருக்கு, அந்த அம்மா பஸ்ஸுக்குக் கடன் வாங்கிட்டு வந்திருக்காங்க. இதை அழுகாச்சியா சொல்லலை. எந்த பேப்பர் எங்க வாங்கணும், எத்தனை தடவை அலையணும்னு வரிசையாத்தான் சொன்னாங்க, கோயிலே முழிச்சுக்கிச்சு.

அதுக்கப்புறம்தான் சிலுவைக்கு வந்தாங்க. மூச்சு விட முடியாம தொங்குற நேரத்துல ஒருத்தருக்கு என்ன நெனப்பு வருதுன்னா, எனக்கப்புறம் அம்மாவை யார் பாப்பாங்கன்னு. அதை மனசுல வச்சுக்கலை, ஆளைக் காட்டி, ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி வாயால சொல்லி, சாட்சியோட முடிச்சுட்டாருன்னாங்க. அடுத்து சொன்னதுதான் எனக்கு இன்னைக்கும் காதுல இருக்கு. நாமினின்னா சொத்துக்குச் சொந்தக்காரன்னு நெறைய பேர் நெனைக்கிறீங்க, இல்ல, அவன் பணத்தை வாங்கி வாரிசுங்க கையில ஒழுங்கா சேக்க வேண்டிய ஆளு. யோவானுக்குக் கிடைச்சதும் அதுதான், பரிசு இல்ல, பொறுப்பு. சொல்லிட்டு, "அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்"னு வசனத்தைத் திரும்ப வாசிச்சாங்க. ஆராதனை முடிஞ்சு வீட்டுக்குப் போய் பாஸ்புக்கையும் ரசீதையும் எடுத்துப் பாருங்க, உங்க வீட்டு அம்மாவை யார் கையில குடுத்திருக்கீங்கன்னு பாருங்க. அவ்வளவுதான், ஆமென், உக்காந்துட்டாங்க.

இந்தப் பேச்சு அந்த நேரத்துல எவ்வளவு தேவையா இருந்துச்சுன்னு இப்ப உள்ளவங்களுக்குப் புரியணும்னா ஒண்ணு தெரியணும். பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி வைக்கிற சட்டமே 1983-ல திருத்தம் வந்து, 1985-ல விதிகள் வந்த பிறகுதான் நடைமுறைக்கு வந்துச்சு. டி.ஏ.1-னு ஒரு ஃபார்ம். கிராமத்துப் பக்கம் ஒரு ஆளுக்கும் தெரியாது, கேட்டாலும் நான் இருக்கும்போதே என்ன சாவுப் பேச்சுன்னு கோபப்படுவாங்க. 1969-ல பேங்குகளை நாட்டுடைமை ஆக்கினப்புறம் கிராமத்துச் சனம் முதல் தடவையா பேங்க்ல பணம் போட வந்துச்சு, போட்ட பணத்தை குடும்பம் எப்படித் திரும்ப எடுக்கும்னு யாரும் சொல்லித் தரலை. அதை ஒரு மேனேஜர் பெரிய வெள்ளி அன்னைக்கு சொல்லிக் குடுத்தாரு. மறுநாள் சனிக்கிழமை அரை நாள் பேங்க்ல அந்த ஃபார்முக்கு வரிசை நின்னுச்சு. வரிசையில எங்க அப்பாவும் நின்னாரு, திருநீறு பூசிக்கிட்டு. வீட்ல நான் வந்து சொன்னதைக் கேட்டுட்டு ஒரு வார்த்தையும் பேசாம மறுநாள் ரசீதை எடுத்துட்டுப் போனவரு. பின்னாடி அவர் தவறினப்ப எங்க அம்மா டெத் சர்டிபிகேட்டும் பாஸ்புக்கும் மட்டும் கொண்டு போய் பணத்தை வாங்கிட்டு வந்தாங்க, எந்த ஆபீஸ் படியும் ஏறலை. உங்க அப்பாவோட பேச்சு என்னன்னு உங்க மகன் கேட்டா இதைச் சொல்லுங்க. எங்க வீடு அந்தப் பேச்சுல நிமிர்ந்த வீடு.

நாடு முழுக்க கேக்க ஆளில்லாம பேங்குகள்ல கிடக்குற பணம் 2023 மார்ச் கணக்குப்படியே 42,000 கோடிக்கு மேல. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் பேங்கோட ஒரு நிதிக்குப் போயிருது, வாரிசு வந்து கேட்டா கிடைக்கும், ஆனா இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்க. 2023-ல உத்கம்னு ஒரு வெப்சைட் விட்டாங்க, அதுல தேடிப் பாக்கலாம். 2025 நவம்பர்ல இருந்து ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரைக்கும் வைக்கலாம்னு வேற மாத்தியிருக்காங்க. உங்க அப்பா இருந்திருந்தா இந்த லெந்துல இதையும் சேத்துப் பேசியிருப்பாங்க.

அவங்க பேச்சுக்குப் பின்னாடி இருந்தது பேங்க்தான்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. லெட்ஜர் காலத்து ஆளு. சாயங்காலம் கணக்கு ஒரு ரூபா இடிச்சாலும் டேலி ஆகாம யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதே பழக்கம் மேடைக்கும் வந்துச்சு. நீங்க அனுப்பின முதல் பக்கத்தைப் பாருங்க, இடது பக்கம் வசனத்தோட எண், நடுவுல ரெண்டு மூணு வார்த்தைல குறிப்பு, வலது பக்கம் நிமிஷம், கீழ கூட்டிப் போட்டு பதினெட்டுன்னு அடிக்கோடு. எந்த வசனத்தையும் ஞாபகத்துல இருந்து சொல்ல மாட்டாங்க, மனப்பாடமாத் தெரிஞ்சாலும் திறந்துதான் வாசிப்பாங்க. சபைக் கணக்கை வருஷா வருஷம் தணிக்கை பண்ணிக் குடுத்ததும் அவங்கதான், ஆனா சபை எலெக்‌ஷன்ல நிக்கச் சொல்லி எத்தனை பேர் கேட்டும் நிக்கலை, பேசுறவன் ஓட்டுக் கேட்டா அப்புறம் பேச்சை யாரும் நம்ப மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க.

சென்னைக்கு மாத்தலாகிப் போனப்ப டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சேந்ததா சொல்லுவாங்க. 1924-ல அமெரிக்காவுல கலிபோர்னியாப் பக்கம் ஒரு ஒய்.எம்.சி.ஏ கட்டடத்துல ஆரம்பிச்ச பேச்சுப் பயிற்சி கிளப் அது. அங்க ஒருத்தர் நேரம் பாப்பாரு, பச்சை, மஞ்சள், சிவப்புன்னு லைட் காட்டுவாரு, இன்னொருத்தர் நீங்க எத்தனை தடவை ஆ, ஊன்னு இழுக்குறீங்கன்னு எண்ணுவாரு. ஊருக்குத் திரும்பினதும் அதை அப்படியே தமிழுக்கு மாத்தி சனிக்கிழமை சாயங்காலம் கோயில் ஹால்ல பையன் பிள்ளைகளுக்குப் பழக்கினாங்க. எந்த சாமி கும்பிடுற பிள்ளைன்னு கேக்க மாட்டாங்க, நானும் போனேன். "வந்து", "அதாவது" எல்லாத்தையும் எண்ண ஒரு பையன், மூணு கலர் அட்டை ஒரு பிள்ளை கையில. தப்பை எல்லார் முன்னாடியும் சொல்ல மாட்டாங்க, கிழிச்ச நாள்காட்டித் தாள் பின்பக்கத்துல ரெண்டு வரி எழுதி மடிச்சுக் கையில குடுப்பாங்க. எனக்குக் குடுத்ததுல ஒண்ணு, "முடிக்கத் தெரியாமல் மூன்று முறை முடித்தாய்."

இப்ப நீங்க வருத்தப்பட்ட விஷயத்துக்கு வர்றேன். ஊருக்குப் பேசிட்டு வீட்ல பேசலைங்கிறது நியாயமான வருத்தம், அதை நான் சமாதானம் சொல்லி மூட மாட்டேன். பேச்சாளர் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் அது உண்டு, அந்தச் சனிக்கிழமைகள் உங்களுக்குச் சேர வேண்டியது, அதை வாங்கிக்கிட்டதுல நானும் ஒருத்தன். ஆனா நீங்க அனுப்பின ரெண்டாவது பக்கத்தைப் பெருசு பண்ணிப் பாத்தீங்களா? பிள்ளை வளர்ப்பு பத்தின ஒரு கூட்டத்துக்கான குறிப்பு. நாலாவது பாயிண்ட்ல "பத்தாம் வகுப்பு மார்க் – நம் வீட்டில் நடந்தது"ன்னு எழுதி, சிவப்பு மையில அடிச்சுட்டு, ஓரத்துல பொடி எழுத்துல "பிள்ளை கூட்டத்தில் இருப்பாள். வேண்டாம்"னு இருக்கு. நேரக் கணக்குலயும் அந்த மூணு நிமிஷத்தைக் கழிச்சுட்டாங்க.

இது சாதாரண விஷயம் இல்ல தங்கச்சி. மேடையில ஏறுற ஆளுக்கு ரொம்ப சுலபமாக் கிடைக்கிற சரக்கு வீடுதான். பொண்டாட்டி சமையலைக் கிண்டல் பண்ணா கைதட்டு, பிள்ளை மார்க்கைச் சொன்னா சிரிப்பு. பட்டிமன்றங்கள்ல பாதி நேரம் இதுலதான் ஓடுது, எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது, முன்வரிசையில அந்தப் பொண்டாட்டியும் பிள்ளையும் உக்காந்து சேந்து சிரிக்க வேண்டியிருக்கும். உங்க அப்பா பேச்சுல நான் கேட்டவரைக்கும் உங்க அம்மா ஒரு தடவை கூட உதாரணமா வந்ததில்ல, நீங்களும் வந்ததில்ல. மேடையில நீங்க இல்லாததுக்குக் காரணம் இந்தச் சிவப்புக் கோடுதான்.

புக் விஷயம். டைப் பண்ணி அப்படியே போட வேண்டாம்னுதான் சொல்லுவேன், தம்பிக்கு வருத்தமா இருந்தாலும். அது கட்டுரை இல்ல, குறிப்பு. "கவுன்டர் அம்மா – 4 நிமிடம்"னு அச்சுல பாத்தா வாசிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது, கேட்டவனுக்குத்தான் அதுல முழுப் பேச்சும் இருக்கு. அதனால முதல்ல பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வைங்க, பழைய மை மங்கிடும். பக்கத்து மேல ஊரும் தேதியும் எழுதியிருக்காங்க, அந்தந்த சேகரத்துல அன்னைக்குக் கேட்டவங்க இன்னும் இருப்பாங்க, போன்ல கூப்பிட்டு என்ன ஞாபகம் இருக்குன்னு கேட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. வயசானவங்களை முதல்ல. உங்க அம்மாகிட்டயும் கேளுங்க, மாடியில ஒத்திகை நடக்கும்போது அவங்க ஒருத்தருக்காவது பேச்சு முழுசாக் கேட்டிருக்கும். அப்புறம் மைக் செட் போட்ட ஆட்கள், கன்வென்ஷன் கூட்டங்கள்ல அப்பல்லாம் கேசட்டுல பதியிற பழக்கம் உண்டு, பழைய டப்பாவுல ஒண்ணு ரெண்டு கிடக்கலாம். இதெல்லாம் சேந்தப்புறம் ஒரு பத்து பேச்சு தேறினா போதும், ஒரு பக்கம் அவங்க கையெழுத்து, எதிர்ப் பக்கம் கேட்டவங்க சொன்னதுன்னு போடலாம். வருஷ நினைவுக்குள்ள முடியலைன்னா அடுத்த வருஷம் போடுங்க.

மூணாவது வார்த்தைப் பேச்சுக்கு எதிர்ப் பக்கத்தை நான் எழுதித் தர்றேன். பெட்டியில அந்த வருஷ நோட்டு கிடைச்சா அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க, நிமிஷக் கணக்கோட ஒத்துப் பாத்து எழுதிடுறேன். அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க.

அன்புடன்,
அண்ணாச்சி